கடற்கரைக் குடும்பப் படம்: முப்பது அழகிய படங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைப் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயணச்சீட்டு, தங்குமிடம் முதல் பிள்ளைகளுக்கான மருந்து வரை எல்லாவற்றையும் பொறுப்போடு எடுத்துச் சொன்ன அந்தக் கட்டுரை, கடற்கரையில் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்வதைப் பற்றி மட்டும் "நல்ல புகைப்படக் கலைஞர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. அந்த "நல்ல" என்ற சொல்லை எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியாமல் ஒருமுறை ஏமாந்து, மறுமுறை விசாரித்துத் தெரிந்துகொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உடன்பிறந்தவர்களான நாங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு ஊர்களில் வாழ்கிறோம். அம்மாவுக்கு எண்பது வயது நிறைந்தபோது, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பதினான்கு பேரும் ஒரு கடற்கரை விடுதியில் ஐந்து நாள் சேர்ந்து தங்கினோம். அப்படி எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், படம் எடுப்பதற்கென்றே ஒரு புகைப்படக் கலைஞரை அமர்த்தினோம். அவருடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் இருந்த முப்பது படங்களும் கண்ணைப் பறித்தன. பொன்னிற வானம், அலையில் குதிக்கும் குழந்தை, கைகோத்து நடக்கும் இளம் தம்பதி என்று ஒவ்வொன்றும் சட்டம் போட்டு மாட்டத் தக்கதாக இருந்தது. கட்டணம் எவ்வளவு, எத்தனை படங்கள் கிடைக்கும் என்று இரண்டு கேள்விகள் கேட்டோம். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மாலையில் வேறொரு வேலை இருப்பதாகச் சொல்லி, அவர் பிற்பகல் மூன்று மணிக்கே வந்துவிட்டார். வெயிலின் கடுமை அப்போது சற்றும் குறைந்திருக்கவில்லை. மணலும் தண்ணீரும் சேர்ந்து வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்க, எங்களைச் சூரியனைப் பார்த்தபடி வரிசையாக நிறுத்தினார். அம்மாவால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. "கண்ணைச் சுருக்காதீங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மணலில் கால் புதைய நின்றிருந்த அம்மா, அண்ணனின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி செய்யப் பாடுபட்டார். முகமெல்லாம் நிழலாக விழுகிறதே என்று அண்ணி கேட்டதற்கு, எல்லாவற்றையும் எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம் என்று பதில் வந்தது.

ஆறு வாரம் கழித்து நாற்பது படங்கள் வந்தன. அவற்றுள் அம்மாவைத் தனியாக எடுத்திருந்த ஒன்றை அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். முகம் பல படி வெளுக்கப்பட்டிருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு கோடு கூட இல்லை. சிறு வயதில் படியில் விழுந்ததால் அம்மாவின் இடப்புருவத்தைக் குறுக்கே வெட்டியிருந்த தழும்பு, நாங்கள் மூவரும் மடியில் படுத்திருந்த காலத்தில் விரலால் தடவிப் பார்த்த தழும்பு, இருந்த இடம் தெரியாமல் துடைக்கப்பட்டிருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைச் சன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது யாரும்மா?" என்று கேட்டார்.

பழி முழுவதையும் அந்தக் கலைஞர் மேல் போட நான் விரும்பவில்லை, ஏனென்றால் அவரைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். தேர்ந்தெடுத்த விதத்தில்தான் முதல் பிழை நேர்ந்தது. ஆண்டு முழுவதும் பல்லாயிரம் படங்கள் எடுக்கும் ஒருவருக்கு, வானமும் வெளிச்சமும் கூடி வந்து முப்பது படங்கள் அழகாக அமைவது இயல்பு. அந்த முப்பதும் முப்பது வெவ்வேறு குடும்பங்களின் ஒற்றைப் படங்களாக இருக்கலாம். நமக்குக் கிடைக்கப்போவதோ ஒரே குடும்பத்தின் ஒரே மாலை. ஆகவே கேட்க வேண்டியது அதைத்தான்: "இதற்கு முன் ஏதேனும் ஒரு குடும்பத்துக்குக் கடற்கரையில் எடுத்துக் கொடுத்த படங்கள் அனைத்தையும், அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை காட்ட முடியுமா?" வாசகர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு கேள்வியை மறக்கக் கூடாது என்பதுதான் இக்கடிதத்தின் நோக்கம். நம்மைப் போலவே முதியவரும் கைக்குழந்தையும் இருக்கும் ஒரு குடும்பத்தின் தொகுப்பாக அது இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியொரு முழுத் தொகுப்பைப் பார்க்கும்போது, தனிப்படத்தில் ஒருபோதும் தெரியாதவை தெரிய வரும். வெயிலில் எடுத்த முகமும் நிழலில் எடுத்த முகமும் ஒரே மனிதருடைய நிறத்தில் இருக்கின்றனவா, பின்வரிசையில் நிற்பவர்கள் தெளிவாக விழுந்திருக்கிறார்களா, கடலும் வானமும் சேரும் கோடு நேராக இருக்கிறதா அல்லது தண்ணீர் ஒரு பக்கம் வழிந்தோடுவது போலச் சாய்ந்திருக்கிறதா, வீட்டின் மூத்தவர் நடுவில் உட்காரவைத்த ஒரே படத்தோடு மறைந்துவிடுகிறாரா அல்லது பேரப்பிள்ளைகளோடு இருக்கும் வேறு படங்களிலும் வருகிறாரா என்று பொறுமையாகப் பார்க்கலாம். முதல் இருபது படங்களில் இருக்கும் அக்கறை கடைசி இருபதில் தேய்ந்துபோயிருந்தால் அதுவும் கண்ணுக்குத் தப்பாது. இந்தத் தொகுப்பைக் காட்டத் தயங்குகிறவரை விட்டு விலகிவிடலாம் என்பது என் கருத்து. வாடிக்கையாளரின் தனியுரிமையைக் காரணம் காட்டி மறுப்பவர், காட்டலாம் என்று இசைவு தந்த ஒரு குடும்பமாவது தம் பட்டியலில் வைத்திருப்பார்.

அடுத்தது வெளிச்சம். கல்யாண மண்டபத்திலும் ஸ்டுடியோவிலும் கைதேர்ந்த ஒருவர் கடற்கரையில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. கேமராவின் ஒளி அளவி, எதிரில் இருக்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவுக்கே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கில் இயங்குவது. வெண்மணலும் மின்னும் தண்ணீரும் படத்தை நிறைத்திருக்கும்போது, வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று அது தவறாக எண்ணி மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும்; மணல் சாம்பலாகும், முகங்கள் கருத்துப்போகும். ஃபிலிம் காலத்துக் கலைஞர்கள் அளவியை நம்பாமல் ஒரு கணக்கை மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்: நல்ல வெயிலில் லென்ஸின் ஒளி புகும் துளை எஃப் 16, வெளிச்சம் இன்னும் மிகுந்த கடற்கரையிலும் பனிப்பரப்பிலும் அதைவிடச் சிறிய எஃப் 22 என்பது அவர்களுடைய வாய்ப்பாடு. ஆகவே, "சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகத்துக்கு வெளிச்சம் எப்படிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்பது வாடிக்கையாளரின் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. முகத்துக்கு ஏற்றபடி அளவிட்டு எடுப்பேன் என்றோ, ஃப்ளாஷ் வைத்து நிரப்புவேன் என்றோ, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பிடிக்க உதவியாளர் வருவார் என்றோ தெளிவான பதில் வர வேண்டும். கடற்காற்றில் ரிஃப்ளெக்டர் பாய்மரம் போலப் புடைத்துக்கொள்ளும் என்பதால், அதைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்பவர் கடற்கரையில் வேலை பார்த்துப் பழகியவர் என்று நம்பலாம்.

எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம் என்ற பதிலை மட்டும் யாரும் ஏற்க வேண்டாம். சாதாரண ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளைத்தான் தாங்கும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பு 16,384 படிநிலைகளைத் தாங்கும். ஆகவே ரா கோப்பாக எடுப்பவருக்குத் திருத்த இடம் அதிகம் என்பது உண்மை. ஆனால் வெளிச்சம் மிகுந்து முற்றிலும் வெளுத்துப்போன நெற்றியில் மீட்டெடுக்க எந்த விவரமும் பதிவாகி இருக்காது. வெயிலுக்குச் சுருங்கிய கண்ணை எந்த மென்பொருளும் அந்த மனிதரின் கண்ணாகவே திறந்து தராது.

நேரத்தைக் கலைஞரின் வசதிக்கு விட்டுக்கொடுத்ததே நாங்கள் செய்த இரண்டாவது பிழை. சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது அதன் ஒளி, தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப்போல முப்பது மடங்குக்கும் கூடுதலான காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிப்போக, செம்மையும் மஞ்சளும் கலந்த மென்மையான ஒளி பக்கவாட்டில் முகத்தின் மேல் விழுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கடற்கரைகளில் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் செங்குத்தாக இறங்குவதால், இந்த வெளிச்சம் ஒரு மணி நேரம் கூட நீடிப்பதில்லை. துருவத்தை நோக்கிய நாடுகளின் கோடையில் அது நெடுநேரம் தங்கும். எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்துத் திட்டம் மாற வேண்டும். கடற்கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதும் முக்கியம். கிழக்கு நோக்கிய கடற்கரையில் மாலைச் சூரியன் நிலத்தின் பக்கம் மறைகிறது; மரங்களும் கட்டடங்களும் இருந்தால் மணல் நேரத்தோடே நிழலாகிவிடும். அங்கே விடியற்காலைதான் உகந்தது. தொலைபேசியில் பேசும்போதே, "அந்தக் கடற்கரை எந்தப் பக்கம் பார்த்தது?" என்று கேட்கும் கலைஞர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

வெளிச்சத்துக்கு இணையாக முக்கியமானது ஓதம். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் என்பதால், ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் இன்னும் பெரிதாக இருக்கும். இன்று மாலை பதினான்கு பேர் தாராளமாக நின்ற மணல்திட்டு, ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கக்கூடும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் நாளும் நேரமும் குறிப்பவர் கடற்கரைக்கு ஏற்றவர் அல்லர். இது படத்தின் அழகைப் பொறுத்த விஷயம் மட்டுமன்று. குழந்தைகளைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டு, எல்லோரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் எதிர்பாராத பெரிய அலை வரும். படத்தில் இடம்பெறாத பெரியவர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கடலையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தாமாகவே சொல்லும் கலைஞரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்போது, என் மனத்தை எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, வண்ணப் படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு கோடாக் நிறுவனம் "ஷெர்லி அட்டை" எனப்பட்ட மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் அதில் இருக்கும். அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். அதனால் கருமையும் மாநிறமும் கொண்ட மனிதர்களின் முகங்கள் பல பத்தாண்டுகள் விவரம் இழந்தே அச்சாயின. பல நிறத்தவரும் சேர்ந்து நிற்கும் அட்டைகள் 1990-களில்தான் வந்தன. இன்று அந்த அட்டையும் அந்த இரசாயனமும் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. ஆயினும் ஒரே சொடுக்கில் எல்லாப் படத்துக்கும் ஒரே சாயம் ஏற்றும் ஆயத்த பிரீசெட்டுகள் வந்துவிட்டன. அவற்றைக் கேட்பாரின்றிப் பயன்படுத்தி, நம் மக்களின் நிறத்தை நம்மவர்களே வெளுக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று கலைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விரும்புகிறவர்கள் கேட்டுப் பெறட்டும். கேட்காதவர்களின் முகத்தை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. படம் எடுத்த அன்று மூக்கில் வந்திருந்த பருவை நீக்கலாம், தவறில்லை. அடுத்த வாரம் அது தானாகவே போய்விடும். மச்சத்தையும் தழும்பையும் சுருக்கத்தையும் தொடக் கூடாது. "தோலின் நிறத்தையும் நிலையான அடையாளங்களையும் மாற்றக் கூடாது" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறு ஆண்டு நாங்கள் மீண்டும் கூடியபோது, இந்தக் கேள்விகளோடு நான்கு பேரிடம் பேசினேன். நான் தேர்ந்தெடுத்த பெண் கலைஞர், கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே என்னிடம் கேட்ட கேள்வி, "அம்மாவால மணல்ல எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்பது. வாகனம் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் இருந்த பகுதியை அவர் முதல் நாளே வந்து பார்த்துக் குறித்தார். நாற்காலியின் கால்கள் மணலில் புதையாமல் இருக்க இரண்டு பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து அடியில் போட்டார். உடைகள் நனையாமலும் பிள்ளைகள் களைக்காமலும் இருக்கும் முதல் கால்மணி நேரத்துக்குள் பதினான்கு பேரையும் சேர்த்து எடுத்து முடித்தார். தனி ஆளை எடுக்கும்போது பின்புலத்தை மங்கலாக்கும் அகன்ற துளையைக் குழுப்படத்துக்கு வைத்தால் பின்வரிசை கலங்கிவிடும் என்பதால், துளையை எஃப் 8 வரை குறுக்கியதாகப் பிறகு விளக்கினார். ஒரே நிலையில் ஏழெட்டுப் படங்கள் எடுத்தது ஏன் என்று கேட்டபோது, யாராவது ஒருவர் கண் சிமிட்டிவிடுவார் என்றார். ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த இருவர் இதைக் கணக்கிட்டு, சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை 2006-இல் பெற்றிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்தேன்: இருபது பேருக்குக் குறைந்த குழுவாக இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆள்களின் எண்ணிக்கையை மூன்றாலும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டாலும் வகுத்து வரும் அத்தனை படங்களாவது எடுக்க வேண்டுமாம். எங்கள் பதினான்கு பேருக்கு அது ஐந்து அல்லது ஏழு. அவர் அனுபவத்தால் அறிந்திருந்ததும் அதுதான்.

குழுப்படம் முடிந்ததும் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு, அம்மாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கேமரா மடியில் இருந்தது. கடைசிப் பேத்தி ஈரக் கையோடு ஓடி வந்து, ஒரு சிப்பியைப் பாட்டியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடிய அந்த நேரத்தில் எழுந்து இரண்டடி நகர்ந்து எடுத்த படம்தான் இப்போது எங்கள் மூன்று வீடுகளிலும் இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அம்மாவின் புருவத் தழும்பு நன்றாகத் தெரிகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தின் பதிப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உரிமை பொதுவாகப் படம் எடுத்தவரிடமே இருக்கிறது. வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போகிறவர்கள், அச்சிடவும் உறவினரோடு பகிரவும் தங்களுக்கு உரிமை உண்டா என்பதை எழுத்தில் பெற வேண்டும். பிள்ளைகளின் படங்களைக் கலைஞர் தம் விளம்பரப் பக்கத்தில் வெளியிடலாமா என்பதைப் பெற்றோர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். கையெழுத்திடும் தாளில் சிறிய எழுத்தில் அந்த அனுமதி ஏற்கெனவே அடங்கியிருக்கலாம், படித்துப் பாருங்கள். முழு அளவுக் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்டது, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் 20 அங்குல அகலம் வரை அச்சிடலாம், செயலி வழியாகச் சுருங்கி வந்ததை அப்படி அச்சிட்டால் கலங்கிப்போகும். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதியும் கேமராவா என்று கேளுங்கள், ஏனெனில் கூடிய குடும்பம் கலைந்த பிறகு கார்டு பழுதானால் மறுபடி எடுக்க வழியில்லை. மழை வந்தால் மாற்று நாள் உண்டா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா, அந்தக் கடற்கரையில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு அனுமதி பெற வேண்டுமென்றால் பெறுவது யார் பொறுப்பு என்பவற்றையும் பேசிவிட வேண்டும். விடுமுறையின் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ படத்தை வைத்துக்கொண்டால், வானிலை கெட்டாலும் கையில் நாள்கள் மிச்சம் இருக்கும். வெயிலில் விளையாடித் தோல் எரிந்து உரியாத முகங்களும் கிடைக்கும்.

தங்கள் நாளிதழை வாசிக்கும் புகைப்படக் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: அழகான முப்பது படங்களோடு, ஏதேனும் ஒரு குடும்பத்தின் முழுத் தொகுப்பையும் அவர்கள் இசைவோடு உங்கள் பக்கத்தில் வையுங்கள். உழைத்து எடுப்பவர்களுக்கு அதனால் நன்மையே வரும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு, ஐயா. அடுத்த விடுமுறை இணைப்பில், கடற்கரையில் படம் எடுப்பதில் பல ஆண்டு அனுபவம் உள்ள கலைஞர்கள் இரண்டு மூன்று பேரை எழுதச் செய்து இதற்கென ஒரு பக்கம் ஒதுக்கினால், அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பவிருக்கும் குடும்பங்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பாகவே அதைப் படித்துவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி